பெரிய நிறுவனங்களுக்குச் சப்ளையர் ஆவது எப்படி? சிறு தொழில்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் அப்போது ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். நெளி அட்டைப் பெட்டிகளுக்குப் புதிய சப்ளையர் தேடிக்கொண்டிருந்த நேரம். ஒரே காலையில் மூன்று பேர் வந்தார்கள். முதல் இருவரும் தொழிற்கூடத்தின் படங்களைக் காட்டினார்கள், விலையைச் சொன்னார்கள், "ஒரு வாய்ப்புக் கொடுங்கள் சார்" என்றார்கள். மூன்றாவதாக வந்தவர், பதினாறு பேரை வைத்துப் பெட்டி செய்துவந்த ஒரு பெண்மணி. படம் எதையும் காட்டாமல் இரண்டு பக்கத் தாளை என் முன் வைத்தார். அதில் நான்கு கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இருந்தன.

இயந்திரம் பழுதாகி நின்றால் என்ன ஆகும்? காகிதச் சுருள் வரத் தாமதமானால்? ஒரு லாட் முழுக்கத் தரம் தவறிவிட்டால்? நான் ஒரு மாதம் நோயில் படுத்துவிட்டால்? இயந்திரம் நின்றால் வேறொரு கூடத்தில் வெட்டிக் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது, எங்கள் டையின் (அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டும் அச்சின்) நகல் அங்கேயே இருக்கிறது என்று எழுதி, அந்தக் கூடத்தின் உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதத்தையும் இணைத்திருந்தார். அவருடைய விலை, மற்ற இருவரில் குறைவாகச் சொன்னவரைவிட நான்கு விழுக்காடு அதிகம். ஆர்டர் அவருக்குத்தான் போனது. என் மேலாளரிடம் நான் எழுதித் தர வேண்டிய குறிப்பை அவரே எழுதிக் கொண்டுவந்துவிட்டார்.

அந்த மேசையின் அந்தப் பக்கம் பன்னிரண்டு ஆண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இப்போது இந்தப் பக்கம் வந்து லேபிள் அச்சடிக்கும் சிறிய கூடம் நடத்துகிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு உறைத்த உண்மை இது: கொள்முதல் அதிகாரி உங்களைப் பரிந்துரைக்கும்போது தன் பெயரையே ஈடு வைக்கிறார். மலிவாக வாங்கினார் என்று யாரும் அவரை நெடுநாள் பாராட்டுவதில்லை. உற்பத்தி வரிசை அரை நாள் நின்றால் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்கள். அந்தப் பயத்தைத் தீர்த்து வைப்பவருக்குத்தான் கதவு திறக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கண்ணோடு படியுங்கள்.

முதல் படி: உங்கள் கையிருப்பு தாங்குமா?

பதிவு, சான்றிதழ் என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் பணத்தில் தொடங்குகிறேன். ஆர்டர் கிடைக்காமல் தவித்தவர்களைப் போலவே, ஆர்டர் கிடைத்து மூழ்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாத ஆர்டரின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் 60, கூலியும் மின்சாரமும் 20, போக்குவரத்தும் இதரச் செலவும் 5, மிச்சம் 15 உங்கள் லாபம். முதல் நாள் மூலப்பொருள் வாங்குகிறீர்கள். 20ஆம் நாள் சரக்கு போய்ச் சேர்கிறது. அங்கே சோதித்து, கணினியில் வரவு வைத்து, இன்வாய்ஸை ஏற்பதற்குள் 30ஆம் நாள் ஆகிவிடுகிறது. 60 நாள் கடன் தவணை என்றால் 90ஆம் நாள். மாதத்தில் இரண்டு நாள் மட்டுமே பணம் பட்டுவாடா செய்வார்கள் என்பதால் 95ஆம் நாள். அதற்குள் இரண்டாவது, மூன்றாவது மாத ஆர்டர்களும் போய்விட்டன. நான்காவதற்கு மூலப்பொருளும் வாங்கியாகிவிட்டது. கூட்டிப் பாருங்கள்: நான்கு முறை மூலப்பொருளுக்கு 240, மூன்று முறை கூலி முதலானவற்றுக்கு 75. ஆக 315. முதல் பணம் உள்ளே வருமுன் ஒரு மாத ஆர்டரின் மூன்று மடங்குக்கு மேல் கையைவிட்டுப் போயிருக்கும். லாபம் 15 என்று மகிழ்ந்தவருக்கு இந்த 315 எங்கிருந்து வரும்?

இந்தக் கணக்கை உங்கள் உண்மையான எண்களோடு ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். தாங்காது என்று தெரிந்தால், வங்கியிடம் போக வேண்டிய நேரம் இப்போது. ஆர்டர் கையில் வந்த பிறகு போனால் அவசரம் உங்கள் முகத்தில் தெரியும். இன்வாய்ஸை நிதி நிறுவனத்திடம் விற்று முன்கூட்டியே பணம் வாங்கும் ஃபாக்டரிங் வசதி இருக்கிறது. வாங்கும் நிறுவனமே ஏற்பாடு செய்து, அதன் வங்கி உங்களுக்கு முன்கூட்டிப் பணம் தரும் முறையும் இருக்கிறது. பிந்தையதில் வட்டி பெரும்பாலும் குறைவு, ஏனென்றால் வங்கி பார்ப்பது அந்தப் பெரிய நிறுவனத்தின் நாணயத்தை. ஆனால் இடையில் நிற்கும் நிதி நிறுவனம் சரிந்தால் உங்கள் பணவரவும் நிற்கும். இந்தத் தொழிலில் பெரும்பெயர் பெற்றிருந்த கிரீன்சில் 2021 மார்ச்சில் திவாலானது. எனவே ஒரே வழியை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

"சீக்கிரம் பணம் தருகிறோம், 2 விழுக்காடு கழித்துக்கொள்கிறோம்" என்று கேட்பார்கள். 60 நாளில் வர வேண்டியது 10 நாளில் வருகிறது என்றால், 50 நாளுக்கு 2 விழுக்காடு, அதாவது ஆண்டு வட்டியாகச் சுமார் 15 விழுக்காடு. 30 நாளில் வர வேண்டியது 10 நாளில் வருகிறது என்றால் அதே 2 விழுக்காடு ஆண்டுக்குச் சுமார் 37 விழுக்காடு ஆகிவிடும். தலையசைக்கும் முன் உங்கள் வங்கி வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டப் பாதுகாப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறை, வேறுவிதமாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டாலொழிய நிறுவனங்களுக்கிடையே 60 நாளை வரம்பாக வைக்கிறது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டத்தில் வரம்பு 45 நாள். தவறினால் கூட்டு வட்டி உண்டு. நீங்கள் தொழில் செய்யும் நாட்டில் என்ன விதி, அதன் பலனைப் பெற என்ன பதிவு தேவை என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எந்தப் பொருள், எந்த நிறுவனம்?

பீட்டர் கிரால்ஜிக் என்பவர் 1983இல் கொள்முதலை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். இன்றும் கொள்முதல் பிரிவுகளில் அந்தக் கட்டம்தான் பேச்சு. இரண்டே கேள்விகள்: இந்தப் பொருள் நிறுவனத்தின் லாபத்தை எவ்வளவு பாதிக்கும்? இது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு?

லாபத்தை அதிகம் பாதித்து, யாரிடமும் எளிதில் கிடைக்கும் பொருள் என்றால் அங்கே நடப்பது விலைச் சண்டை. இணையத்தில் தலைகீழ் ஏலம் வைத்து, கடைசிக் காசு வரை இறக்குவார்கள். சிறு தொழிலுக்கு அது இடமில்லை. லாபத்தையும் பாதித்து ஆபத்தும் அதிகமுள்ள பொருள்களுக்கு ஏற்கெனவே நீண்டகால உறவுகள் இருக்கும்; புதியவரை உள்ளே விடுவது அரிது. இரண்டுமே குறைவான சில்லறைப் பொருள்களில் நுழைவது எளிது, ஆனால் ஆண்டுதோறும் "சப்ளையர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்" என்று மேலிடத்து உத்தரவு வரும்போது முதலில் வெட்டப்படுவதும் இவற்றைத் தருபவர்கள்தான்.

மிஞ்சுவது நான்காவது கட்டம்: மதிப்பு சிறியது, ஆனால் கிடைக்காவிட்டால் எல்லாம் நின்றுபோகும். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் செய்கி ஆலை ஒன்று தீப்பிடித்தது. அங்கே செய்யப்பட்டது பிரேக்கில் பொருத்தும் ஒரு சிறு வால்வு. டொயோட்டா அதற்கு ஏறக்குறைய முழுவதுமாக அந்த ஒரே ஆலையை நம்பியிருந்தது. அந்தச் சிறு உறுப்பு இல்லாமல் ஜப்பானில் இருந்த அதன் கார் ஆலைகள் அடுத்த சில நாள்கள் நின்றன. இப்படிப்பட்ட சிறு உறுப்புகளும் சேவைகளும் எல்லாப் பெரிய நிறுவனங்களிலும் இருக்கின்றன: குறிப்பிட்ட பசை ஒட்டும் லேபிள், அபூர்வ அளவில் ஒரு ரப்பர் வளையம், அவசரத்துக்கு இரவில் வந்து பழுது பார்க்கும் ஆள், ஒரு குறிப்பிட்ட மொழியில் தொழில்நுட்பக் கையேடு எழுதித் தருபவர். "உங்களுக்கு இரண்டாவது சப்ளையர் இல்லாமல் தவிக்கும் பொருள் எது?" இதுதான் எந்தக் கொள்முதல் அதிகாரியிடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. விற்க வந்தவரிடமிருந்து இந்தக் கேள்வி வந்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. பெரிய நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுப்பவர் முதல்நிலைச் சப்ளையர். அவருக்குக் கொடுப்பவர் இரண்டாம் நிலை. நேரடியாக நுழையச் சில ஆண்டுகள் ஆகலாம். முதல்நிலையில் இருக்கும் நடுத்தர நிறுவனத்திடம் சில மாதங்களில் இடம் கிடைக்கலாம், அதே தரக் கட்டுப்பாடும் பழகும். பல பெரிய நிறுவனங்கள் தங்கள் முதல்நிலைச் சப்ளையர்களிடம் "உங்கள் கொள்முதலில் சிறு தொழில்களின் பங்கு எவ்வளவு?" என்று கணக்குக் கேட்கின்றன. ஆகவே அவர்களும் உங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம். இதைத் தாழ்வாக நினைப்பவர்கள் நல்ல வழியொன்றை வீணாக்குகிறார்கள்.

மூன்றாம் படி: காகிதங்கள்

இது சலிப்பூட்டும் வேலை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழில் பதிவு, வரிப் பதிவு, வங்கிக் கணக்குச் சான்று, மூன்று ஆண்டு தணிக்கை செய்த கணக்கு, பொறுப்புக் காப்பீடு, தொழிலாளர் காப்பீடு, உரிமையாளர் விவரம் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில், காலாவதித் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆவணங்களிலும் நிறுவனத்தின் பெயர் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் "அண்ட் கோ", இன்னோரிடத்தில் "அண்ட் கம்பெனி" என்று இருந்ததற்காகவே பதிவுகள் வாரக்கணக்கில் நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

சர்வதேச நிறுவனங்கள் சில, டன் அண்ட் பிராட்ஸ்டிரீட் என்ற தொழில் தகவல் நிறுவனம் ஒவ்வொரு தொழிலையும் அடையாளம் காணத் தரும் ஒன்பது இலக்க டியூன்ஸ் எண்ணைக் கேட்கும். பொருள் வகையைக் குறிக்க யுஎன்எஸ்பிஎஸ்சி என்ற எட்டு இலக்கக் குறியீடு உண்டு. அதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கொள்முதல் அதிகாரி கணினியில் தேடுவது அந்தக் குறியீட்டைத்தான். தவறான குறியீட்டில் பதிந்தால் நீங்கள் அங்கே இருந்தும் இல்லாதவர்தான்.

தரச் சான்றிதழில் அவசரம் வேண்டாம். பொதுவாக ஐஎஸ்ஓ 9001, வாகன உறுப்புகளுக்கு ஐஏடிஎஃப் 16949, விமானத் துறைக்கு ஏஎஸ்9100, தகவல் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 27001 என்று துறைக்குத் துறை வேறுபடும். நீங்கள் குறிவைக்கும் மூன்று நிறுவனங்கள் எதைக் கேட்கின்றன என்று பார்த்த பிறகு செலவழியுங்கள். ஐஎஸ்ஓ அமைப்பு தானே யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. அங்கீகாரம் பெற்ற தனி அமைப்புகள்தான் தருகின்றன. "மூன்றே நாளில் சான்றிதழ்" என்று விற்பவரிடம் வாங்கியது, ஆடிட் நாளன்று உங்களையே காட்டிக்கொடுக்கும்.

கணினிப் பாதுகாப்புக் கேள்வித்தாளையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடுபோயின. குளிர்சாதன வேலை பார்த்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல் வழியாகத்தான் திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் கூடத்திடம் ஏன் இத்தனை கேள்வி என்று எரிச்சல் வரும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பன்முகத்தன்மைச் சான்றிதழ்

பெண்கள், சிறுபான்மையினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் நடத்தும் தொழில்களுக்குப் பெரிய நிறுவனங்கள் தனியாக வாசல் திறந்து வைக்கும் வழக்கம் அமெரிக்காவின் குடிமை உரிமைப் போராட்டக் காலத்துக்குப் பின் வேரூன்றியது. 1969 மார்ச்சில் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணை, சிறுபான்மைத் தொழில்களுக்கென ஓர் அரசு அலுவலகத்தை உருவாக்கியது. 1972இல் தேசிய சிறுபான்மைச் சப்ளையர் மேம்பாட்டு மன்றம் தோன்றியது. 1978இல் வந்த சட்டம், அரசிடம் பெரிய ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் சிறு தொழில்களுக்கு எவ்வளவு துணை ஒப்பந்தம் தருவோம் என்று திட்டம் எழுதித் தரச் சொன்னது. பின்னர் இது மற்ற நாடுகளுக்கும் பரவியது: பிரிட்டனில் எம்எஸ்டியுகே (2006), ஆஸ்திரேலியாவில் பழங்குடித் தொழில்களுக்கு சப்ளை நேஷன் (2009), அமெரிக்காவுக்கு வெளியே பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு வீகனெக்ட் இன்டர்நேஷனல் (2009). தென்னாப்பிரிக்காவில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மதிப்பெண் முறையே நடைமுறையில் இருக்கிறது.

பெரும்பாலான அமைப்புகள் கேட்பது குறைந்தது 51 விழுக்காடு உரிமை. அதோடு நிறுத்துவதில்லை. நிர்வாகமும் கட்டுப்பாடும் அந்த உரிமையாளரின் கையில்தான் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நேரில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள்: காசோலையில் யார் கையெழுத்து? ஆளை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் யார்? போன மாதம் மூலப்பொருள் விலை என்ன? உரிமையாளர் மனைவி, பதில் சொல்வது கணவர் என்றால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். முடிய வேண்டியதும்தான்; அந்த இடம் உண்மையிலேயே தொழில் நடத்தும் ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டியது.

சான்றிதழ் என்ன செய்யும்? உங்களை நிறுவனங்கள் தேடும் பட்டியலில் சேர்க்கும். சந்திப்பு நிகழ்ச்சிகளுக்கு அழைப்பு வரும், பயிற்சியும் கிடைக்கும். ஆர்டர் தராது. இதைச் சொல்ல எனக்கே வருத்தம்தான், ஆனால் சான்றிதழை வாங்கிச் சட்டமிட்டு மாட்டிவிட்டு ஓராண்டு காத்திருந்தவர்களை அறிவேன். காலமும் மாறுகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் நிலைப்பாடு மாறியபின் அங்கே பல நிறுவனங்கள் இந்தத் திட்டங்களைச் சுருக்கின, அல்லது சிறுதொழில் திட்டம் என்று பெயரை மாற்றின. எனவே உங்கள் விண்ணப்பத்தின் முதல் வரியில் உங்கள் திறமை இருக்கட்டும், சான்றிதழ் கடைசி வரியில் வரட்டும். இரண்டு பேர் சமமாக நிற்கும்போது தராசை உங்கள் பக்கம் சாய்க்க அது போதும்.

ஐந்தாம் படி: ஒரு பக்க அறிமுகத் தாள்

இருபது பக்க வண்ணக் கையேடு வேண்டாம். ஒரே பக்கம். அதிகாரி இதை யாருக்கு அனுப்புவார் என்று யோசித்து எழுதுங்கள். அவருடைய மேலாளர், தரப் பொறியாளர், கணக்குப் பிரிவு.

என் கூடத்துக்காக நான் முதலில் எழுதிய வரி: "உயர்ந்த தரத்தில், குறித்த நேரத்தில், நியாயமான விலையில் எல்லா வகை லேபிள்களும் அச்சிட்டுத் தருகிறோம்." கொள்முதல் பிரிவிலிருந்து வந்தவனே இப்படி எழுதினேன். இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எனவே யாரும் படிப்பதில்லை. பிறகு மாற்றினேன்: "குளிர்பதனக் கிடங்கில் உரியாத லேபிள்கள். மைனஸ் 20 பாகையில் சோதித்த அறிக்கை இணைப்பில். 5,000 முதல் 2 லட்சம் வரை, வடிவமைப்பு ஒப்புதலான ஏழாம் நாளில் அனுப்புகிறோம். கடந்த 12 மாதத்தில் 214 டெலிவரி, தாமதமானது 3." அந்த மூன்று தாமதத்தைச் சேர்க்கலாமா என்று என் பங்குதாரர் தயங்கினார். சேர்த்தோம். பல அதிகாரிகள் பேச்சைத் தொடங்கியது அந்த மூன்றைப் பற்றிக் கேட்டுத்தான். ஏன் தாமதமானது, பிறகு எதை மாற்றினோம் என்று சொல்ல எங்களுக்கு இடம் கிடைத்தது.

எதைச் செய்கிறீர்கள், அதிகபட்சத் திறன் எவ்வளவு, இப்போது அதில் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது, யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், விசாரிக்க இரண்டு பேர், குறியீடுகள், சான்றிதழ்கள், பேச வேண்டிய ஒருவரின் எண். இவ்வளவு போதும். மறுபக்கத்தில் அந்தப் பெட்டிக்காரப் பெண்மணியின் நான்கு கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.

ஆறாம் படி: வாசல்

பெரிய நிறுவனங்களின் இணையதளத்தில் சப்ளையர் பதிவுக்கென ஒரு பக்கம் இருக்கும். பலர் எஸ்ஏபி அரிபா, கூப்பா போன்ற தளங்களைப் பயன்படுத்துகிறார்கள். பதிந்துவிடுங்கள், ஆனால் பதிந்தால் அழைப்பு வரும் என்று நம்பாதீர்கள். நான் இருந்த இடத்தில் அந்தப் பட்டியலைத் தினமும் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. யாரோ ஒருவர் பெயரைச் சொன்னால் தேடிப் பார்ப்போம், அவ்வளவே.

அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் பொருளைப் பயன்படுத்துபவர். பராமரிப்புப் பொறியாளர், பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர், அலுவலக நிர்வாகி. வலி அவர்களுக்குத்தான் தெரியும். தொழிற் கண்காட்சிகளில் அவர்களைத் தேடிப் பேசுங்கள். சிறுதொழில் அல்லது பன்முகத்தன்மைக்கென ஓர் அதிகாரி இருந்தால், அவரிடம் "ஆர்டர் கொடுங்கள்" என்று கேட்பதைவிட "இந்தப் பொருளை வாங்குபவர் யார், நடப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது?" என்று கேளுங்கள். ஒப்பந்தம் முடிய ஆறு முதல் ஒன்பது மாதம் இருக்கும்போதே பல இடங்களில் புதியவரைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். முடிந்த மறுநாள் போய் நிற்பவர் இன்னும் சில ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

பதில் வராவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு செய்தி அனுப்புங்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல ஒன்றை வைத்துக்கொண்டு. வாரம் ஒருமுறை "சார், என்ன ஆயிற்று?" என்று கேட்பவரின் எண்ணை நானே எடுக்காமல் விட்டிருக்கிறேன்.

ஏழாம் படி: விலைப்புள்ளி

விலை கேட்டு அழைப்பு வந்துவிட்டது. முதல் வாசிப்பில் "கட்டாயம்" என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் அடிக்கோடிடுங்கள். அதில் ஒன்றுகூட உங்களால் முடியாதென்றால் அன்றே கேள்வி அனுப்புங்கள். கேள்வி கேட்கும் கடைசித் தேதி, விலை அனுப்பும் தேதிக்கு மிக முன்னதாக முடிந்துவிடும். பிறகு அவர்கள் தந்த படிவத்திலேயே, அவர்கள் தந்த வரிசையிலேயே பதில் எழுதுங்கள். உங்கள் படிவம் அழகாக இருக்கலாம், ஆனால் ஒப்பிடுபவருக்கு அது கூடுதல் வேலை.

விலையை ஒரே எண்ணாகக் கொடுக்காமல் மூலப்பொருள், செய்கூலி, பேக்கிங், போக்குவரத்து என்று பிரித்துக் காட்டுவது சிறு தொழிலுக்கு நல்லது என்பது என் கருத்து. லாபத்தைத் தோண்டுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பின்னாளில் மூலப்பொருள் ஏறும்போது "இந்தப் பகுதி மட்டும் ஏறியிருக்கிறது" என்று காட்ட அந்தப் பிரிவுதான் கைகொடுக்கும். எந்தச் சந்தை விலையைப் பார்த்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எவ்வளவு ஏறினால் மாற்றம் என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதிவிடுங்கள். ஆர்டரைப் பிடித்துவிட்டால் போதும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று நட்டத்தில் விலை கொடுக்காதீர்கள். அந்த "பிறகு" வருவதில்லை.

தோற்றால் ஏன் என்று கேளுங்கள். பாதிப் பேர் பதில் சொல்வார்கள். அந்தப் பதில், அடுத்த முறைக்கான இலவசப் பாடம்.

எட்டாம் படி: ஆடிட்டும் சாம்பிளும்

சாம்பிளை உங்கள் கைதேர்ந்த ஆளைக்கொண்டு தனியாகச் செய்து அனுப்பாதீர்கள். அன்றாடம் ஓடும் இயந்திரத்தில், அன்றாடம் ஓட்டுபவரே செய்யட்டும். தனிக் கவனத்தில் பிறந்த சாம்பிளின் தரத்தை ஐயாயிரமாவது துண்டிலும் கேட்பார்கள். வாகனத் துறையில் பிபிஏபி என்று 18 கூறுகள் கொண்ட ஒப்புதல் கோப்பே கேட்பார்கள். அது முழுக்கக் கேட்பது இதைத்தான்: இதே தரத்தை மறுபடியும் மறுபடியும் உன்னால் செய்ய முடியுமா?

ஆடிட்டர் வரும் நாளில் தரையைக் கழுவி வைப்பதைவிட, பதிவேடுகள் அன்றன்றைக்கு எழுதப்பட்டவையா என்று பாருங்கள். முப்பது நாளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதிய வெப்பநிலைப் பதிவைப் பார்த்தவுடன் எந்த ஆடிட்டருக்கும் புரிந்துவிடும். வெளியேறும் வழி, தீயணைப்பான், கூலிச் சீட்டு, வயதுச் சான்று எல்லாம் கேட்பார்கள். 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பலர், உலகின் பெரிய கடைகளுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள். அதன் பிறகு பிரிட்டனில் 2015இலும், ஜெர்மனியில் 2023 முதலும், சப்ளையர் வரை கணக்குக் கேட்கும் சட்டங்கள் வந்தன. உங்கள் கூடத்தில் வேலை செய்பவர்களுக்காகவாவது இதை மனதார ஏற்றுக்கொள்ளுங்கள்.

குறை கண்டுபிடித்தால் வாதாடாதீர்கள். என்ன காரணம், என்ன திருத்தம், யார் பொறுப்பு, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். குறையே இல்லாத ஆடிட்டைவிட, சொன்ன தேதியில் திருத்தப்பட்ட குறையை நான் அதிகம் நம்பினேன்.

ஒன்பதாம் படி: கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் கொடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். நீங்களே தேட வேண்டியவை சில. பணத் தவணை எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது: சரக்கு வந்த நாளா, இன்வாய்ஸ் ஏற்ற நாளா? இழப்பீட்டுக்கு மேல்வரம்பு இருக்கிறதா? வரம்பில்லாவிட்டால் ஒரு தவறு உங்கள் வீட்டையே விழுங்கலாம்; ஓராண்டு ஆர்டர் மதிப்பு என்றோ, காப்பீட்டுத் தொகை என்றோ வரம்பு கேளுங்கள். டை, அச்சு, வடிவமைப்பு யாருக்குச் சொந்தம்? வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற தடை இருக்கிறதா? 30 நாள் அறிவிப்பில் நிறுத்தலாம் என்றால், அவர்களுக்கென்றே அச்சடித்து வைத்த சரக்கை யார் ஏற்பது?

மாதாமாதம் அவர்கள் அனுப்பும் தேவை மதிப்பீடு ஆர்டர் ஆகாது. அதை நம்பி ஆறு மாதச் சரக்கு வாங்கிக் குவித்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மதிப்பீட்டில் முதல் ஒரு மாதத்துக்காவது "வாங்கியே தீருவோம்" என்ற உறுதியை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும், கேட்டால்தான்.

பத்தாம் படி: முதல் ஆர்டர், முதல் இன்வாய்ஸ்

கணக்குப் பிரிவின் கணினி மூன்று தாள்களை ஒப்பிடும்: பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுக் குறிப்பு, உங்கள் இன்வாய்ஸ். மூன்றும் பொருந்தினால் பணம் தானாக நகரும். பொருந்தாவிட்டால் நிற்கும், நின்றது யாருக்கும் தெரியாது.

என் முதல் பெரிய இன்வாய்ஸ் 47 நாள் அப்படி நின்றது. ஆர்டரில் "லேபிள், 50,000 எண்ணிக்கை" என்று இருந்தது. நாங்கள் எப்போதும் சுருள் கணக்கில் பில் போடுகிறவர்கள். "50 சுருள்" என்று எழுதிவிட்டோம். ஒரு சுருளில் ஆயிரம் லேபிள், தொகையும் சரியாகவே இருந்தது. கணினிக்கு 50,000 வேறு, 50 வேறு. கிடங்கில் கேட்டால் சரக்கு வந்துவிட்டது என்றார்கள், கொள்முதலில் கேட்டால் கணக்குப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். கடைசியில் கணக்குப் பிரிவில் ஓர் இளைஞர் திரையைப் பார்த்துவிட்டு, "அலகு பொருந்தவில்லை அண்ணா, மாற்றி அனுப்புங்கள்" என்றார். அரை நிமிட வேலை. தவணை நாளோ புதிய இன்வாய்ஸிலிருந்து மறுபடி முதலிலிருந்து எண்ணப்பட்டது.

ஆகவே ஆர்டர் எண், வரிசை எண், பொருள் விவரம், அலகு, விலை எல்லாவற்றையும் ஆர்டரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எடுத்துப் போடுங்கள். ஆர்டரில் பிழை இருந்தால் சரக்கு அனுப்பும் முன்பே திருத்திய ஆர்டர் வாங்குங்கள். வாய்மொழியில் "அனுப்பிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அனுப்பாதீர்கள். சரக்கு இறங்கிய மறுநாள் வரவுக் குறிப்பின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இன்வாய்ஸ் அனுப்பிய பத்தாம் நாள், "ஏற்கப்பட்டதா?" என்று ஒரே வரியில் விசாரியுங்கள். 60ஆம் நாள் விசாரிப்பது மிகத் தாமதம்.

தாமதமாகும் என்று தெரிந்தால் தெரிந்த கணமே சொல்லிவிடுங்கள். மூன்று நாள் முன்பே சொன்னால் அதிகாரி திட்டத்தை மாற்றிக்கொள்வார். லாரி வராத காலையில் சொன்னால் அவர் உங்களை இன்னொரு முறை நம்ப மாட்டார்.

அதன் பிறகு

காலாண்டுக்கு ஒருமுறை உங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள்: முழு எண்ணிக்கையில் நேரத்துக்கு வந்தது எத்தனை விழுக்காடு, திருப்பி அனுப்பியது எவ்வளவு, புகாருக்குப் பதில் எத்தனை நாளில். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். அவர்கள் கணக்கும் தவறலாம். அவர்களே தேதியைத் தள்ளிப்போட்ட டெலிவரி உங்கள் தாமதமாகப் பதிவாகியிருக்கும்.

ஒரே வாடிக்கையாளரின் பங்கு உங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போது நான் அடுத்தவரைத் தேடத் தொடங்குவேன். அந்த நிறுவனத்தின் மேல் சந்தேகம் இருந்து சொல்லவில்லை. அங்கே அதிகாரி மாறுவார், ஆலை இடம் மாறும், ஒரு பொருளின் உற்பத்தியே நிற்கும். அவற்றில் எதுவும் உங்கள் கையில் இல்லை.

சில நேரம் "முடியாது" என்றும் எழுத வேண்டிவரும். அந்தப் பெட்டிக்காரப் பெண்மணிக்கு நான்காம் ஆண்டில் நாங்கள் ஆர்டரை ஒரேயடியாக இரு மடங்காக்கக் கேட்டோம். இரண்டு நாளில் பதில் வந்தது: இப்போதைக்கு ஒன்றரை மடங்கு வரை தர முடியும், மீதிக்கு இரண்டாவது இயந்திரம் வேண்டும், அதற்கு ஆறு மாத அளவை எழுத்தில் உறுதி செய்து, தவணையை 60 நாளிலிருந்து 30 ஆக்கினால் பதினோராம் வாரத்திலிருந்து முழு அளவும் தருகிறேன். அதுவரை மீதிப் பெட்டிகளை வாங்கிக்கொள்ள வேறு இரண்டு கூடங்களின் பெயரையும் எழுதியிருந்தார். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் என் மேலாளர் அறைக்குப் போனேன். 45 நாள் தவணைக்கு அவர் கையெழுத்திட்டார்.